கேட்கான் மாற்றுவதற்கு முன்: பெட்ரோல் கார்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சைலன்சர் வேலையும் ஸ்கேனர் வேலையும் பார்க்கிற பட்டறை என்னுடையது. வாரம் இரண்டு பேராவது, "கேட்கான் போச்சுன்னு சொல்லிட்டாங்க, புதுசு என்ன விலை?" என்று போன் செய்கிறார்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர்தான் கேட்கான். அவர்களில் பாதிப் பேருக்குக் கேட்கான் போயிருக்காது. போன மீதிப் பேருக்கும் அது தானாகப் போயிருக்காது, வேறு ஏதோ ஒன்று கெட்டு அதையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். அதே கேள்விகளுக்கு அதே பதிலைச் சொல்லி அலுத்துப் போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

கேட்கான்னா என்னங்க? சைலன்சர்தானே அது?

இல்லை. சைலன்சர் சத்தத்தைக் குறைக்கும், கேட்கான் நச்சுவாயுவைக் குறைக்கும். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டை ஒட்டியோ, அதற்குச் சற்றுக் கீழேயோ, ஸ்டீல் கூட்டுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் 400 முதல் 900 துளைகள். துளைச் சுவர்களில் அலுமினா பூச்சு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்றோ, அவற்றில் இரண்டோ. மொத்தமே சில கிராம்தான், விலை முழுக்க அதில்தான் இருக்கிறது.

என்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் அது எரித்து முடிக்கும். நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக விடும். மூன்று வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு பிசகக்கூடாது. அதற்காகத்தான் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வாயில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், பெட்ரோல் எரிந்தாலே நீராவி வரும், குளிர்ந்த குழாயில் அது தண்ணீராகிறது.

எங்க அப்பாவோட அம்பாசிடர் இது இல்லாமத்தானே ஓடுச்சு?

ஓடியது, ஈயம் கலந்த பெட்ரோலில். அந்தப் பெட்ரோலைக் கேட்கான் உள்ள வண்டியில் ஊற்றினால் ஈயம் பூச்சின்மேல் படிந்து சில டேங்குகளிலேயே அதைக் கொன்றுவிடும். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் கேட்கான் பரவலாக வந்தபோது ஈயமில்லாப் பெட்ரோலும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. அதே சமயத்தில் அந்த நகரங்களின் பெட்ரோல் பங்க்குகளில் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. 2000-இல் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது.

செக் என்ஜின் லைட் எரியுது. ஸ்கேன் பண்ணா பி0420-ன்னு வருது. மாத்திடவா அண்ணே?

அவசரப்படாதீர்கள். "கேட்கானின் திறன் வரம்புக்குக் கீழே தெரிகிறது" என்பதுதான் அந்தக் கோடின் பொருள். கம்ப்யூட்டர் கேட்கானைத் திறந்து பார்ப்பதில்லை. கேட்கானுக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து ஊகிக்கிறது. சென்சார் தவறாகச் சொன்னால் ஊகமும் தவறு.

நல்ல கேட்கானின் பூச்சில் உள்ள சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜனைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது விடும். குளம் நிறைந்திருந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஒரே சீராக ஓடுகிற மாதிரி. அதனால் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்கினாலும், பின் சென்சார் 0.6, 0.7 பக்கத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். முன்னது ஆடுகிற ஆட்டத்தைப் பின்னதும் அப்படியே ஆடினால் குளம் வற்றிவிட்டது என்று அர்த்தம். புதிய வண்டிகள் பலவற்றில் முன் சென்சார் வேறு வகை, அது இப்படி ஆடாது. அங்கே பின் சென்சாரின் வோல்ட் அளவை மட்டும் பாருங்கள்.

ஆனால் அந்த அளவை நம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். கூடவே மிஸ்பயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் பற்றவில்லை என்று சொல்லும் கோடு எதுவும் ஸ்கேனரில் இருக்கிறதா? ஃப்யூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம், பத்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ ஓடுகிறதா? எக்ஸாஸ்டில் எங்காவது லீக் இருக்கிறதா? மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேஸ்கெட்டில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்சார் குழம்பும். என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் ஈரச் சாக்கால் சைலன்சர் வாயை லேசாக அடைக்க, இன்னொருவர் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். முப்பது ரூபாய் கேஸ்கெட்டில் முடிய வேண்டியதற்கு முழு கேட்கான் மாற்றிய வண்டிகள் என் கைக்கே வந்திருக்கின்றன.

லைட் நிலையா எரியல, விட்டு விட்டு மின்னுது. ஊருக்குப் போய்ச் சேர்ந்து பார்த்துக்கலாமா?

கூடாது. நிலையாக எரிந்தால் "சீக்கிரம் காட்டு" என்று பொருள். மின்னினால் "இந்த நிமிஷமே கேட்கான் வெந்துகொண்டிருக்கிறது". என்ஜினில் ஏதோ ஒரு சிலிண்டர் பற்றாமல் பெட்ரோலைப் பச்சையாக வெளியே தள்ளுகிறது. ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

அது சரி, கேட்கான் எதனாலதான் கெடுது?

முதல் எதிரி மேலே சொன்ன மிஸ்பயர். கேட்கான் வழக்கமாக 400 முதல் 800 டிகிரி வரை வேலை செய்யும். பச்சைப் பெட்ரோல் உள்ளே வந்து எரிந்தால் வெப்பம் ஆயிரத்தைத் தாண்டும், அந்தச் சூட்டில் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு செயலிழக்கும். இன்னும் ஏறினால் பீங்கானே உருகும். சென்ற ஆண்டு ஒரு சிறிய ஹேட்ச்பேக் வந்தது. மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் செத்து, "வண்டி கொஞ்சம் உதறுது, அவ்வளவுதான்" என்று இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். கூட்டை அறுத்துப் பார்த்தால் தேன்கூட்டின் முன்பாதி இல்லை. வெல்லப்பாகு அடிப்பிடித்து இறுகிய மாதிரி சாம்பல் நிறக் கண்ணாடிக் கட்டி ஒன்று இருந்தது. அதில் விரல்நுனி அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் அந்த வண்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது எதிரி எண்ணெய். என்ஜின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின்மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். டீசல் லாரிக்கான எண்ணெய் கெட்டியாக இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது என்று பெட்ரோல் காரில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் இந்தச் சேர்மானம் பொதுவாகவே அதிகம். ஹெட் கேஸ்கெட் லீக்காகிக் கூலன்ட் எரிந்தாலும் இதே கதிதான். சென்சாருக்கு ஆகாத சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டை என்ஜின் மூடிகளில் தாராளமாகப் பூசுவதும் கெடுதல்.

மூன்றாவது, அடி. உயரமான வேகத்தடையில் கூடு நசுங்கி உள்ளே கட்டி உடையும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டும்போது கலகலவென்று சத்தம் வந்தால் கட்டி உடைந்திருக்கிறது அல்லது அதைச் சுற்றியுள்ள மெத்தை போய்விட்டது.

எங்கள் தொழிலின் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது கார்புரேட்டர் காலப் பழக்கம். கேட்கான் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால், சோதனை என்ற பெயரில் பச்சைப் பெட்ரோலை நாமே அதற்குள் ஊற்றுகிறோம். பிளக் ஒயருக்குப் பதில் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றினால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது.

வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கேட்கான் அடைச்சிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டுங்கள். என்ஜின் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) சுமார் 1.25 பி.எஸ்.ஐ.க்குள்ளும், 2500 ஆர்.பி.எம்மில் 3 பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எங்கோ அடைப்பு. அடைப்பு கேட்கானிலா, பின்னால் சைலன்சரிலா என்று பார்க்க, கேட்கானுக்குப் பின் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால் போதும்.

சென்சாரைத் தொட மனமில்லையென்றால் இன்டேக்கில் வேக்கும் கேஜ் வைக்கலாம். ஆரோக்கியமான என்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். 2500-இல் பிடித்து வைத்தால் முள் ஒருமுறை இறங்கி ஏறி நிலைக்க வேண்டும், மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு. இந்த அளவெல்லாம் சமவெளிக்குத்தான். ஊட்டியில் ஏறக்குறைய ஏழு அங்குலம் குறைவாகவே காட்டும், அதைப் பார்த்துவிட்டு என்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்.

முன்னாடியும் பின்னாடியும் லேசர் தெர்மாமீட்டர் அடிச்சுப் பார்த்தா தெரியும்னு வீடியோல சொல்றாங்களே?

பழைய வண்டிக்குச் சரி. அப்போது கேட்கானுக்குள் எரிக்க நிறைய நச்சுவாயு வந்தது, அதனால் வெளிவாய் உள்வாயைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தது. இப்போதைய என்ஜின் அனுப்புவதே ஓரளவு சுத்தமான வாயு, எரிக்க அதிகம் இல்லை. நல்ல கேட்கானிலும் வித்தியாசம் குறைவாகவே தெரியும், சில நேரம் வெளிவாய் குளிர்ந்தும் இருக்கும். போதாக்குறைக்கு, வெப்பத் தகட்டின் மேல் அடித்து அளந்துவிட்டு அதைக் கேட்கானின் சூடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

புகைச் சான்றிதழ்ல ஃபெயில் ஆயிடுச்சு. கேட்கான் காலியா?

பி.எஸ்.4, பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசு விதியின் படிகள்) பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். வரைதான் அனுமதி. 2500 ஆர்.பி.எம். அருகே வைத்து அளக்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா 0.97 முதல் 1.03 வரை. முன்பு சொன்ன 14.7 பங்கு காற்று இருந்தால் லாம்டா 1, காற்று கூடினால் அதுவும் கூடும். உங்கள் சீட்டில் எது தாண்டியிருக்கிறது என்று பாருங்கள். லாம்டா மட்டும் கூடியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பி0420 பதிலில் சொன்ன எக்ஸாஸ்ட் லீக்கை. லாம்டா குறைந்து கார்பன் மோனாக்சைடு கூடினால் என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் போகிறது. லாம்டா சரியாக இருந்தும் மற்ற இரண்டும் கூடியிருந்தால்தான் கேட்கான்மேல் கண் போக வேண்டும்.

அதற்கும் முன் ஒரு கேள்வி: வண்டி சூடாக இருந்ததா? ஏறக்குறைய 250, 300 டிகிரி வரும்வரை கேட்கான் விழிக்கவே விழிக்காது. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள சென்டருக்குப் போய் வரிசையில் இருபது நிமிடம் என்ஜினை நிறுத்தி வைத்தால் நல்ல கேட்கானும் தோற்கும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள். முறை வந்ததும் 2500-இல் இரண்டு மூன்று நிமிடம் பிடித்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

நான் பாஸ் ஆயிட்டேன். அப்போ கேட்கான் நல்லா இருக்குன்னு அர்த்தம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. அந்தச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை, மூன்று வேலையில் இரண்டைத்தான் பார்க்கிறார்கள். அதுவும் நின்ற இடத்தில், பாரம் இல்லாமல். மலையேறும்போது அது என்ன செய்கிறது என்பது அந்தச் சீட்டில் இல்லை. பாஸ் ஆகியும் பி0420 எரிகிறது என்றால் இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை, இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

கழட்டி சோப்புத் தண்ணியில ஊற வெச்சா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரு. பெட்ரோல்ல ஊத்துற கிளீனரும் இருக்காமே?

கரி படிந்திருந்தால் ஓரளவு போகும். ஆனால் சரியாக ஓடுகிற என்ஜினில், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனாலே அந்தக் கரி எரிந்துவிடும். திரண்டுபோன உலோகம், உருகிய பீங்கான், படிந்த பாஸ்பரஸ் இவை எதையும் சோப்பு திருப்பித் தராது. பாட்டில் கிளீனர் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து மறைமுகமாக உதவலாம், செத்த கேட்கானை எழுப்பாது.

உள்ள இருக்கிறதைக் குத்தி எடுத்துட்டா பிக்கப்பும் மைலேஜும் கூடுமாமே?

அடைத்த கேட்கானோடு ஒப்பிட்டால் கூடத்தான் செய்யும், அடைத்த மூக்கைத் திறந்த மாதிரி. நல்ல கேட்கானோடு ஒப்பிட்டால் தெருவில் ஓட்டும் வண்டியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்காது. பின் சென்சார் உடனே காட்டிக் கொடுக்கும். அதை ஏமாற்ற, சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி நிறுத்தும் நீட்டிப்பு நட்டு வைப்பார்கள், அப்புறம் உண்மையான கோளாறு வந்தாலும் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் மாசு விதி மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. என் பட்டறையில் இந்த வேலையைச் செய்வதில்லை.

சரி, மாத்தித்தான் ஆகணும். ஒரிஜினல் விலையைக் கேட்டா தலை சுத்துது. லோக்கல் போடலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. வண்டிக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது, பி.எஸ்.6 என்றால் ஒரிஜினல்தான் என் வாக்கு. பி.எஸ்.6 கம்ப்யூட்டர் கேட்கானைக் கறாராகக் கண்காணிக்கிறது, பூச்சு மெலிந்தது உள்ளே போனால் சீக்கிரமே பி0420 திரும்ப வந்துவிடும். பழைய பி.எஸ்.3 வண்டிக்கு நல்ல வெளிக் கம்பெனிச் சரக்கு போதும்.

வெளிச் சரக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது கூட்டின் பளபளப்பை அல்ல. எந்த மாசு விதிக்காகச் செய்தது என்று எழுத்தில் கொடுக்கிறார்களா? பி.எஸ்.3-க்குச் செய்ததை பி.எஸ்.4 வண்டியில் போட்டால் அளவு பொருந்தும், வேலை பொருந்தாது. உங்கள் என்ஜின் கொள்ளளவுக்கு ஏற்றதா? 800 சி.சி.க்கான கட்டியை 1500 சி.சி.யில் மாட்டினால் வாயு நின்று வினைபுரிய நேரமில்லாமல் ஓடிவிடும். வாரண்டி கூட்டுக்கு மட்டுமா, மாசுக் குறைப்புக்கும் சேர்த்தா? "வெல்டிங் விடாது, அதுக்கு கேரண்டி" என்பவரிடம் வாங்காதீர்கள். இறக்குமதிச் சரக்கில் ஐ.நா.வின் ஐரோப்பிய ஆணையத்துடைய (ECE) ஒழுங்குமுறை 103-இன் ஒப்புதல் எண் பொறித்திருந்தால் மாற்றுக் கேட்கான் என்று சோதித்து ஏற்றது, அதை நம்பலாம். உலோகம் எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, என்னாலும் முடியாது. அதனால்தான் எழுத்து முக்கியம்.

பழையது இருந்த இடத்திலேயே புதியது இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மேனிபோல்டை ஒட்டி இருந்ததை எடுத்துவிட்டு, வெல்டிங் வசதிக்காக இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்தால் சூடேற நேரம் பிடிக்கும். ஒரு பயணத்தின் நச்சில் பெரும்பகுதி அந்த முதல் ஓரிரு நிமிடங்களில்தான் வெளியேறுகிறது.

காய்லாங்கடையில நல்லது கிடைக்குமாமே?

உலோகத்துக்காகவே அவர்கள் அதை வாங்குகிறார்கள், நல்லதை உங்களுக்கு ஏன் விற்பார்கள்? அதோடு அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. 2021-இல் ரோடியம் விலை உச்சத்துக்குப் போனபோது உலகம் முழுக்கக் கேட்கான் திருட்டு பெருகியது. இங்கே குஜராத், மகாராஷ்டிராப் பக்கம் மாருதி ஈக்கோ வண்டிகளின் சைலன்சரைக் குறிவைத்துக் கழற்றின கும்பல்கள் பிடிபட்டன. மாற்றும்போது உங்கள் பழைய கேட்கானையும் கேட்டு வாங்குங்கள், அதற்கு விலை உண்டு.

400 செல்லை விட 600 செல் நல்லதா? அதிகம்னா நல்லதுதானே?

செல் என்பது ஒரு சதுர அங்குலத்தில் உள்ள துளை. துளை கூடினால் பரப்பு கூடும், வாயு நன்றாக வினைபுரியும், சீக்கிரம் சூடேறும். கூடவே எதிரழுத்தமும் கூடும், ஆயில் குடிக்கும் என்ஜினில் சீக்கிரம் அடைத்தும் கொள்ளும். எண் பெரியது என்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. உங்கள் வண்டிக்கு நிறுவனம் எதை வைத்ததோ அதையே கேளுங்கள்.

வேற இடத்துல புதுசு போட்டு மூணு மாசம்தான் ஆகுது. திரும்பவும் பி0420. டுப்ளிகேட் குடுத்துட்டாங்களா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது, பழையது ஏன் செத்தது என்று யாராவது பார்த்தார்களா என்பதைத்தான். ஒருவர் ஒரே காருக்கு இரண்டு கேட்கான் போட்டு மூன்றாவதற்கு என்னிடம் வந்தார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், நுனியில் மட்டும் ஈரம். சர்வீஸ் செய்து எத்தனை கிலோமீட்டர் என்றேன், மூவாயிரம் என்றார். பிஸ்டன் ரிங் தேய்ந்து, மூவாயிரம் கிலோமீட்டரில் இரண்டு லிட்டர் எண்ணெய் கேட்கான் வழியாகவே போயிருக்கிறது. அந்த என்ஜினில் தங்கத்தில் செய்து மாட்டினாலும் மூன்று மாதம்தான்.

ரிங் வேலையை முதலில் முடித்தோம். இரண்டாவது கேட்கானை அழுத்தமானி வைத்துப் பார்த்ததில் அடைப்பு இல்லை, அதையே திரும்ப மாட்டி அனுப்பினேன். பின் சென்சார் இன்னும் லேசாக ஆடுகிறது. அடுத்த ஆயில் சர்வீஸுக்கு வரும்போது மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.